எஃகின் வேதிப் பரிசோதனை முடிவு ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள்

"கெமிக்கல் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய இரும்புத் துண்டை மேசையில் வைத்துப் போகிறவர்களை ஆய்வகத்தில் தினமும் பார்க்கிறேன். என்ன கிரேடு, எந்தத் தனிமங்கள் வேண்டும், முடிவை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பது எதுவும் அந்தச் சீட்டில் இருக்காது. ஆய்வகமும் எந்தக் கருவி காலியாக இருக்கிறதோ அதில் போட்டு எண்களை அச்சடித்துக் கொடுத்துவிடும். பத்து நாள் கழித்து அதே ஆள் இன்னொரு ஆய்வகத்தின் அறிக்கையோடு வந்து நிற்பார். இரண்டிலும் கார்பன் வேறு வேறாக இருக்கும்.

அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, எந்தக் கருவி சரி என்பது. நான் அதைக் கேட்பதில்லை. அந்தத் தனிமம் உலோகத்துக்குள் எந்த வடிவில் இருக்கிறது, துண்டின் எந்த இடத்தைத் தொட்டார்கள் என்று கேட்பேன். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

பின்வரும் அறிகுறிகளுக்குள் போகும் முன் முறைகளை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ஸ்பெக்ட்ரோ என்று நாம் சொல்லும் ஸ்பார்க் நிறமாலைமானி, மேற்பரப்பில் ஒரு பட்டாணி அகலத்தை ஆர்கான் வாயுவில் பொறித்து, வரும் ஒளியை அளக்கிறது. ஒரு நிமிடத்தில் இருபது தனிமங்கள் கிடைக்கும். சாதாரண எஃகுக்கு இந்தியத் தரமான ஐஎஸ் 8811, அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் ஈ 415 ஆகியவையும், 304, 316 போன்ற ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்காத எஃகுக்கு ஏஎஸ்டிஎம் ஈ 1086-உம் இதற்கான தரங்கள். எரிப்பு முறையில் சுமார் ஒரு கிராம் சீவலை ஆக்சிஜனில் எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் கந்தக டை ஆக்சைடையும் அகச்சிவப்புக் கதிரால் அளக்கிறார்கள். இது ஏஎஸ்டிஎம் ஈ 1019. கைத்துப்பாக்கி போலப் பிடித்து, எக்ஸ்கதிரைப் பாய்ச்சித் திரும்பி வரும் கதிரை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் உலோகத்தை அழிக்காது. அமிலத்தில் கரைத்துச் செய்யும் பழைய ஈரமுறைகள் ஐஎஸ் 228-இன் பல பாகங்களில் இருக்கின்றன. கரைசலைப் பிளாஸ்மாச் சுடரில் தெளித்து, வரும் ஒளியைப் படிக்கும் ஐசிபி கருவியில் அளப்பதும் இந்தக் குடும்பந்தான்.

அறிகுறி: எல்லாத் தனிமங்களும் ஓரளவு சரி, ஆனால் கார்பனும் பாஸ்பரசும் கந்தகமும் ஸ்பார்க்குக்கு ஸ்பார்க் தாவுகின்றன

எண்களை விட்டுவிட்டு, முதலில் துண்டைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பார்க் விழுந்த தடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி நோய் கண்ணிலேயே தெரியும். நல்ல தடத்தின் நடுவில், உருகி உறைந்த சாம்பல் நிறக் குழி இருக்கும். விரல் நகத்தால் வருடினால் சொரசொரப்பு தட்டுப்படும். அதைச் சுற்றிக் கன்னங்கரேல் என்று ஒரு வளையம், விளிம்பு தெளிவாக, முழு வட்டமாக இருக்கும். கெட்ட தடத்தில் அந்தக் கறுப்பு வளையம் இருக்காது. குழியும் ஆழமாக இராமல், யாரோ சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்துப் பரவிக் கிடக்கும். வளையம் ஒரு பக்கம் மட்டும் நீண்டு வால் விட்டிருந்தால், அந்தப் பக்கம் துண்டுக்கும் அதை வைக்கும் மேடைக்கும் இடையே காற்று புகுகிறது என்று பொருள்.

வெளுத்த தடம் ஆர்கானில் ஆக்சிஜனோ ஈரமோ கலந்திருப்பதைச் சொல்கிறது. கார்பனை 193 நானோமீட்டரிலும், கந்தகத்தை 180.7-இலும், பாஸ்பரசை 178.3-இலும் அளக்கிறோம். 200 நானோமீட்டருக்குக் கீழுள்ள இந்த ஒளியைக் காற்றும் ஈரமும் விழுங்கிவிடும். அதனால்தான் குரோமியமும் நிக்கலும் நிலையாக நிற்கும்போதே இந்த மூன்றும் முதலில் ஆடுகின்றன. சிலிண்டர் மாற்றிய அன்று இது வந்தால், குழாயில் புகுந்த காற்று இன்னும் வெளியேறவில்லை. கால் மணி நேரம் வாயுவை ஓடவிட்டு, வீண் துண்டு ஒன்றில் பத்துப் பதினைந்து ஸ்பார்க் அடியுங்கள். சிலிண்டர் முடியும் தறுவாயில் வந்தால், கடைசிச் சொட்டுவரை இழுக்கிற சிக்கனம் வேண்டாம். அழுத்தம் குறையக் குறைய உள்ளிருக்கும் ஈரத்தின் பங்கு கூடும். எப்போதும் வருகிறது என்றால் குழாயைப் பாருங்கள். ரப்பர், பிளாஸ்டிக் குழாய்களின் சுவர் வழியாகவே ஈரம் உள்ளே கசியும். செம்புக் குழாயோ துருப்பிடிக்காத எஃகுக் குழாயோதான் ஆர்கானுக்கு ஏற்றது. வாயுவின் தூய்மை 99.998 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வெல்டிங்குக்கு வாங்கும் ஆர்கானை இதில் மாட்டினால் எந்தச் சரிக்கட்டலும் பலிக்காது.

இதையெல்லாம் பார்க்காமல், முடிவு ஆடுகிறதே என்று கருவியை மறுசீரமைத்து எண்ணைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கெட்ட தடத்தின்மேல் செய்த சீரமைப்பு, அடுத்த நாள் ஆர்கான் சரியான பிறகு நல்ல துண்டையெல்லாம் கெட்டதாகக் காட்டும்.

அறிகுறி: ஆலைச் சான்றிதழில் கார்பன் 0.24, உங்கள் அறிக்கையில் 0.27

கட்டுமானத் தளங்களிலிருந்து வரும் முறுக்குக் கம்பிகளில் இது அடிக்கடி நடக்கும். எஃப்இ 500டி கிரேடுக்கு ஐஎஸ் 1786 அனுமதிக்கும் கார்பன் 0.25 விழுக்காடு. உடனே "சரக்கைத் திருப்பி அனுப்பு" என்று குரல் எழும். சற்றுப் பொறுங்கள்.

சான்றிதழில் இருப்பது உருகிய எஃகைக் கரண்டியில் எடுத்துப் பார்த்த எண். உங்கள் கையில் இருப்பது உறைந்து, உருட்டப்பட்ட கம்பி. எஃகு உறையும்போது கார்பனும் கந்தகமும் பாஸ்பரசும் கடைசியாக உறையும் நடுப்பகுதிக்குத் தள்ளப்படுகின்றன. அதனால் பொருளில் எடுக்கும் முடிவுக்கு, உச்ச வரம்புக்கு மேல் சிறிது சலுகையைத் தரமே கொடுக்கிறது; ஐஎஸ் 1786-இல் கார்பனுக்கு அது 0.02. ஆகவே 0.27 என்பது விளிம்பில் நிற்கிற எண். விளிம்பில் நிற்கும் எண்ணை ஒரே முறையில் எடுத்து யாரையும் தண்டிக்கக் கூடாது.

வெட்டு முகத்தில் ஸ்பார்க் அடித்திருந்தால், சரியாக நடுவில் அடித்தார்களா என்று கேளுங்கள். மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவழியில் அடிப்பதே முறை. 8 மி.மீ. கம்பியில் அதற்கு இடமே கிடையாது. பல கருவிகளில் மேடைத் துளையே 12 முதல் 15 மி.மீ. அகலம். மெல்லிய கம்பிக்குரிய பிடிப்பான் இல்லாமல் அடித்தால் ஓரத்தில் காற்று புகும். இத்தகைய கம்பிக்குக் குறுக்குவெட்டு முழுவதிலிருந்தும் சீவல் எடுத்து எரிப்பு முறையில் கார்பன் பார்ப்பதே நேர்மையான வழி. கந்தகமும் அதே ஓட்டத்தில் கிடைத்துவிடும்.

தகடுகளில் இதே விளிம்புச் சண்டை கார்பன் சமன்மதிப்பில் வரும்; வெல்டிங்குக்கு எஃகு ஏற்றதா என்று பார்க்க, கார்பனோடு மற்றத் தனிமங்களின் பங்கையும் கூட்டிச் சொல்லும் எண் அது. ஐஎஸ் 2062-இன் ஈ 250ஏ தகட்டுக்கு வரம்பு 0.42. கார்பன் 0.18, மாங்கனீசு 1.40 இருந்தாலே, மாங்கனீசை 6-ஆல் வகுத்துக் கூட்ட 0.413 ஆகிவிடுகிறது, குரோமியம், செம்பு, நிக்கல் துளிகள் இன்னும் சேரவில்லை. கார்பனில் 0.02 பிழை இருந்தால் தகடு தோற்றுவிடும். மாங்கனீசில் அதே 0.02 பிழை ஒன்றும் செய்யாது. எந்தத் தனிமத்தின் பிழை தீர்ப்பை மாற்றுமோ, அந்தத் தனிமத்துக்குத்தான் நல்ல முறையைச் செலவழிக்க வேண்டும்.

அறிகுறி: ஒரே துண்டின் இரு முகங்களில் கார்பன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபடுகிறது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தப் பள்ளத்தில் விழுந்தேன். ஒரு பற்சக்கரத் துண்டு வந்தது. சீட்டில் 20எம்என்சிஆர்5 என்று எழுதியிருந்தது; கார்பன் 0.17 முதல் 0.22 வரை இருக்க வேண்டும். முகத்தை லேசாகத் தேய்த்து ஸ்பார்க் அடித்தேன். 0.74 வந்தது. மூன்று முறை அடித்தும் அதே எண். திரும்பத் திரும்ப ஒரே எண் வந்ததால், சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பி அறிக்கை எழுதிவிட்டேன். மறுநாள் வாடிக்கையாளர், குரலில் கோபம் இல்லாமல், "தம்பி, அது கார்பன் ஏற்றிய பல், நடுவிலே வெட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். வெட்டி, உள்முகத்தில் அடித்தேன். 0.19. நான் அளந்தது வெப்பச் சிகிச்சையில் ஏற்றிய தோலை. கருவி பொய் சொல்லவில்லை. நான் தோலைக் கேட்டேன், அது தோலைச் சொன்னது.

இதன் மறுபக்கமும் உண்டு. சூடாக உருட்டிய கம்பியிலும் அடித்து உருவாக்கிய பாகங்களிலும் மேற்பரப்புக் கார்பன் எரிந்துபோய்க் குறைவாகக் காட்டும். ஒரு மி.மீ. அளவுக்குத் தோலை எடுத்துவிட்டு அடியுங்கள். சந்தேகம் இருந்தால் வெட்டி, இரண்டு இடங்களையும் அளந்து, எது எந்த இடம் என்று அறிக்கையில் எழுதுங்கள்.

அறிகுறி: சிலிக்கானோ அலுமினியமோ எதிர்பாராமல் கூடியிருக்கிறது

தேய்த்த காகிதத்தைப் பாருங்கள். சிலிக்கான் கார்பைடு காகிதம் சிலிக்கானையும் கார்பனையும் விட்டுச் செல்லும். அலுமினா பட்டை அலுமினியத்தை விட்டுச் செல்லும். எந்தத் தனிமம் முக்கியமோ, அது இல்லாத பட்டையில் தேய்த்து மறுபடி அடியுங்கள். துருப்பிடிக்காத எஃகைத் தேய்த்த பட்டையில் சாதா எஃகைத் தேய்த்தால் குரோமியமும் நிக்கலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் தனித்தனிப் பட்டை வைப்பது பெரிய செலவு இல்லை. தேய்த்த முகத்தை விரலால் துடைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். விரலில் எண்ணெய் இருக்கிறது, எண்ணெயில் கார்பன் இருக்கிறது.

அறிகுறி: வார்ப்பிரும்பில் ஸ்பெக்ட்ரோ கார்பன் 2.8 என்கிறது, உருக்குபவர் 3.4 என்று சத்தியம் செய்கிறார்

கோயம்புத்தூர் வட்டாரத்துப் பவுண்டரிகளில் இந்த வழக்கு ஓயாது. உருக்குபவர் சொல்வதைத்தான் நான் முதலில் நம்புவேன்.

சாம்பல் வார்ப்பிரும்பில் கார்பனின் பெரும்பகுதி கிராஃபைட்டாகத் தனியே படிந்து கிடக்கிறது. ஸ்பார்க் விழும்போது அது உலோகத்தோடு ஒன்றாக உருகி ஆவியாவதில்லை. அதனால் எண் பெரும்பாலும் குறைவாகவும், இடத்துக்கு இடம் மாறியும் வரும். வார்ப்படத்தையே வெட்டி ஸ்பார்க் அடித்துக் கார்பன் சொல்வது எந்த நல்ல கருவியிலும் பயனற்ற வேலை.

ஸ்பார்க் வேண்டுமென்றால், கார்பன் பிரியாதபடி இரும்பைச் சட்டென்று உறையவைக்க வேண்டும். செம்பு அச்சில் காசு, அதாவது காசு வடிவ மெல்லிய மாதிரி, ஊற்றுவது இதற்குத்தான். காசு ஊற்றியவுடன் ஒன்றை உடைத்து உடைவு முகத்தைப் பாருங்கள். முழுவதும் வெள்ளையாக, ஊசி ஊசியாகப் படிகம் மின்ன வேண்டும். நடுவில் எள்ளளவு சாம்பல் புள்ளி தெரிந்தாலும் அந்தக் காசு ஆகாது. அச்சு சூடாகிவிட்டது, அல்லது காசு தடிமனாகிவிட்டது. அச்சைக் குளிரவிட்டு, ஈரமில்லாமல் துடைத்து, மறுபடி ஊற்றுங்கள். உலோகத்தை நிறுத்தி நிறுத்தி ஊற்றாமல் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். உருண்டை கிராஃபைட் இரும்பில், கிராஃபைட் பிரியத் தூண்டும் இனாகுலன்ட் போட்ட பிறகு எடுத்த காசு வெள்ளையாக உறைய அடம்பிடிக்கும்; கார்பனுக்கான காசை அதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

வார்ப்படம் முடிந்து வாடிக்கையாளரிடம் போய்விட்டது, இப்போதுதான் கார்பன் கேட்கிறார்கள் என்றால் எரிப்பு முறை ஒன்றே வழி. அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. துளையிடும்போது கிராஃபைட் தூளாக உதிரும். சீவலைக் கொட்டிப் பெரிய துண்டுகளை மட்டும் எடுத்தால் கார்பன் குறையும். அடியில் தங்கிய கறுப்புத் தூளை எடுத்தால் கூடும். அசிட்டோனில் அலசினாலோ கிராஃபைட் மிதந்து போய்விடும். முடிந்தால் சீவலைத் தவிர்த்து, வெட்டிய சிறு திடத் துண்டையே மூசையில், அதாவது எரிக்கும் பீங்கான் கிண்ணத்தில், போடுங்கள்.

அறிகுறி: துப்பாக்கி "304" என்கிறது, ஆனால் வெல்டிங்குக்கு அருகே துருப்பிடிக்கிறது

எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி ஒரு வேலையை மிக நன்றாகச் செய்யும். காந்தம் ஒட்டாததால் 304 என்று விற்கப்படும் 201-ஐ அது நொடியில் காட்டிக்கொடுக்கும். 201-இல் மாங்கனீசு 5.5-க்கு மேல், நிக்கல் 5.5-க்குள். 316-ஐ மாலிப்டினம் 2 முதல் 3 வரை இருப்பதை வைத்துப் பிரித்துவிடும். கிடங்கில் கலந்துபோன குழாய்களைப் பிரிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

ஆனால் 304-க்கும் 304எல்-க்கும் உள்ள வேறுபாடு கார்பனில் இருக்கிறது. 304எல்-இல் அது 0.030-ஐத் தாண்டக் கூடாது. கார்பனின் எக்ஸ்கதிர் ஆற்றல் 0.277 கிலோ எலக்ட்ரான் வோல்ட்; இரும்பினுடையது 6.4. அவ்வளவு மெலிந்த கதிர் காற்றைத் தாண்டித் துப்பாக்கிக்குள் வந்து சேராது. திரையில் "304எல்" என்று வந்தால் அது கருவிக்குள் சேமித்த கிரேடுப் பட்டியலிலிருந்து எடுத்த பெயர். கார்பனை அது பார்க்கவே இல்லை. வெல்டிங் சூட்டில், சுமார் 425 முதல் 850 டிகிரி செல்சியசுக்குள், கூடுதல் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோகப் படிகமணிகளின் எல்லைகளில் படிகிறது. அந்த எல்லைகளில் துரு நுழைகிறது. இந்தக் கேள்விக்கு ஸ்பார்க் அல்லது எரிப்பு முறை தேவை. 0.03-ஐ ஒட்டிய சண்டை என்றால் எரிப்பு முறைதான்.

துப்பாக்கியில் 316-இன் கந்தகத்தையும் நம்ப வேண்டாம். மாலிப்டினத்தின் ஒரு எக்ஸ்கதிர் வரி 2.29 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது, கந்தகத்தினுடையது 2.31-இல். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

அறிகுறி: லேத்தில் எளிதாகச் சீவும் எஃகில் கந்தகம் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் வேறு

12எல்14, 11எஸ்எம்என்30 போன்றவற்றில் கந்தகம் 0.3-ஐ ஒட்டி இருக்கும். அது மாங்கனீசு சல்பைடு இழைகளாகக் கிடக்கிறது. ஸ்பார்க் அந்த இழைகளைத் தேடித் தேடித் தாக்கும். எரிப்பு முறைக்கு மாறுங்கள். 12எல்14-இல் சேர்த்திருக்கும் ஈயத்தை அமிலத்தில் கரைத்து அளப்பது பாதுகாப்பானது.

அறிகுறி: எரிப்பு முறையிலேயே கார்பன் ஆடுகிறது

மூன்று இடங்களில் தேடுங்கள். சீவலில் எண்ணெய் இருக்கலாம். துளையிடும்போது கூலன்ட் பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள், சாதா எஃகுச் சீவலை அசிட்டோனில் அலசி உலர்த்துங்கள். சீவல் நீலம் பாய்ந்திருந்தால் துளைப்பான் வேகத்தைக் குறைத்துப் புதிதாக எடுங்கள். அடுத்தது மூசை: முன்கூட்டிச் சுட்டு எடுக்காத மூசையில் ஒட்டியிருக்கும் கரிமத் தூசு, 0.3 கார்பன் உள்ள துண்டில் தெரியாது, 0.02 உள்ள துண்டில் தெரியும். சுட்ட மூசையை வெறுங்கையால் தொடக் கூடாது, இடுக்கியால் எடுங்கள். மூன்றாவது, முழுதாக எரிந்ததா என்பது. எரிந்த பின் மூசைக்குள் பாருங்கள். வழவழப்பாக உருகிப் படிந்திருக்க வேண்டும். சீவல் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால், எரிய உதவச் சேர்க்கும் டங்ஸ்டன் முடுக்கி போதவில்லை.

சிறிய ஆய்வகங்களில் இன்னும் ஸ்ட்ரோலைன் கருவி ஓடுகிறது. வாயுவின் கொள்ளளவைக் கண்ணாடிக் குழாயில் படித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சவைத்து, மறுபடி படிக்கும் முறை. சாதா எஃகுக்கு அது இன்றும் மதிப்பான கருவி. அறை வெப்பமும் காற்றழுத்தமும் திருத்தப்படுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். 304எல் போன்றவற்றுக்கு அது ஆகாது. ஐஎஸ் 228 முதல் பாகம் அந்த முறைக்குத் தரும் எல்லையே 0.05-இல் தொடங்குகிறது.

அறிகுறி: ஈரமுறையில் அலுமினியம் குறைவு, ஸ்பெக்ட்ரோவில் அதிகம்

இரண்டும் சரியாக இருக்கக்கூடும். ஸ்பெக்ட்ரோ மொத்த அலுமினியத்தைச் சொல்கிறது. அமிலத்தில் கரைத்து வடிகட்டினால் அலுமினா துகள்கள் வடிதாளில் தங்கிவிடும். கரைந்தது மட்டும் எண்ணில் வரும். வாடிக்கையாளரின் வரைபடத்தில் மொத்தமா, கரைவதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கரைத்து அளக்கும்போது நியோபியம், டைட்டானியம், டங்ஸ்டன் கார்பைடுகளும் இதேபோல் அடியில் தங்கும்; ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இல்லாமல் அவை முழுதாக வராது. கந்தகத்தைத் தனி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் அழுகிய முட்டை வாடையோடு பறந்துவிடும்.

அறிகுறி: நைட்ரஜன், ஹைட்ரஜன் முடிவுகள் நம்பும்படி இல்லை

சீவல் அனுப்பியிருந்தால் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் திடத் துண்டு வேண்டும். மந்த வாயுவில் கிராஃபைட் மூசையில் உருக்கி அளப்பார்கள். ஹைட்ரஜன் அறை வெப்பத்திலேயே எஃகிலிருந்து கசிந்து போய்விடும். எடுத்த கணமே குளிர்வித்து, திரவ நைட்ரஜனிலோ உலர் பனியிலோ வைத்து அனுப்பாத மாதிரியில் ஹைட்ரஜன் அளப்பது, ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்பதுபோல.

அறிகுறி: இரண்டு ஆய்வகங்கள், இரண்டு முடிவுகள், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை

முதலில் இரு அறிக்கைகளிலும் முறையின் தர எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "ஸ்பெக்ட்ரோ முறை" என்று மட்டும் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பிறகு, அன்றைய தினம் அதே கிரேடுக்கு நெருக்கமான சான்றளிக்கப்பட்ட நியமத் துண்டை (தனிம அளவுகள் முன்பே தெரிந்த துண்டை) அளந்த பதிவைக் கேளுங்கள். 0.20 கார்பன் நியமத்தில் சரிபார்த்த கருவி 0.02 கார்பனுக்கு சாட்சி சொல்ல முடியாது. நல்ல ஆய்வகம் இந்தப் பதிவைத் தயங்காமல் காட்டும்.

இரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, இரு அறிக்கைகளின் அளவீட்டு ஐயப்பாட்டுக்குள் (எண் இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வரம்புக்குள்) அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் அங்கே சண்டையே இல்லை. அடங்காவிட்டால், மூன்றாவது ஆய்வகத்துக்குப் போகும் முன் இரு தரப்பும் உட்கார்ந்து, எந்த முறையின் முடிவை ஏற்பது என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். கார்பனுக்கும் கந்தகத்துக்கும் எரிப்பு முறை, மற்றவற்றுக்கு ஸ்பார்க் அல்லது ஐசிபி என்பது நான் வழக்கமாகச் சொல்லும் பங்கீடு.

துண்டை வெட்டுவதற்கு முன்பே, மூன்று பாகங்களாகப் போகும் மூன்று இடங்களிலும் ஹீட் எண்ணை, அதாவது ஆலையில் உருக்கிய தொகுதியின் எண்ணை, எழுத்துளியால் குத்திவிடுங்கள். வெட்டிய பிறகு சாக்பீசில் எழுதியது கைமாறும்போது அழிந்துவிடும். ஒன்று வாங்கியவரிடம், ஒன்று விற்றவரிடம், மூன்றாவது இருவரும் கையெழுத்திட்ட உறையில். உறையின்மேல் கிரேடு, தேவையான தனிமங்கள், துண்டின் எந்த முகத்தில் அளக்க வேண்டும் என்ற குறிப்பு, ஒப்புக்கொண்ட முறையின் தர எண் ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள்.